எதிர்ப்பக்கத்துப் பை

ஏலக்காரருக்குத் தொண்டைதான் சொத்து. காய்கறிச் சந்தையின் ஒரு வாசலில் அவர் "உருளை" என்று வாயைத் திறந்தால், அடுத்த வாசலில் பேரம் பேசிக்கொண்டிருப்பவன் நிறுத்திவிட்டு, அவர் முடித்த பிறகுதான் தொடர்வான். மைக் கிடையாது. தேவையும் இல்லை. தனக்கு மெதுவாகப் பேச வராது என்பதை அவரே ஒப்புக்கொள்வார், அதையும் சத்தமாகத்தான்.

அன்று காலை ஏல மேடையில் ஏறி அவர் கூவியது உருளைக்கிழங்கை அல்ல. "ஓ பாசிட்டிவ் யார்றா இங்க?" என்றார். சந்தை ஒரு கணம் முழித்தது, பிறகு புரிந்துகொண்டது. அவருடைய தங்கை மகள், நாலு வயதுக் குழந்தை, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரத்தத்தில் புற்று. அதைக் கொல்லக் கொடுத்த மருந்து, ரத்தக் கசிவை அடைக்கிற தட்டணுக்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. முந்தின நாள் மாலையிலிருந்து குழந்தைக்கு மூக்குக் கசிவு நிற்கவில்லை. ஈறுகளிலும் ரத்தம். இருட்டுவதற்குள் தட்டணு ஏற்றியாக வேண்டும், கசிவு தலைக்குள் ஆரம்பித்துவிட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

ரத்த வங்கியிலோ தட்டணு ஒரு பைகூட இல்லை. அஞ்சு நாளைக்கு மேல் தாங்காத சரக்கு அது. தக்காளியைவிட மோசம் என்று ஏலக்காரர் நினைத்துக்கொண்டார். விடாமல் அடித்த மழையில் ரத்தம் கொடுக்க ஆள் வரவில்லை. வெளியூரிலிருந்து கொண்டுவரலாமென்றால் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது.

ஏலக்காரர் மேடையை விட்டு இறங்குவதற்குள் மூட்டை தூக்குகிறவர்களில் ஒரு கூட்டமே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டது. சங்க அட்டையில் எல்லோருக்கும் ரத்த வகை போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வழியில்தான் கவனித்தார்: நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஆட்கள், ஊசி என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலக்காரரின் சட்டைப்பையில் எந்நேரமும் ஆஸ்பிரின் மாத்திரை இருக்கும். காலையெல்லாம் கத்துகிறவருக்கு மத்தியானம் தலைவலி வராமல் என்ன செய்யும்? ஆளுக்கொன்று கிள்ளிக் கொடுத்தார், தண்ணீர் பாட்டிலைச் சுற்றுக்கு விட்டார், தானும் ஒன்று போட்டுக்கொண்டார். ஊசி ஏறுவதே தெரியாது என்று தைரியமும் சொன்னார். கூடவே இன்னொரு யோசனை. அங்கே ஆயிரம் கேள்வி கேட்பார்கள், உண்மையைச் சொன்னால் ஏதாவது சாக்கு வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள்.

கடைசி இருக்கையில் ஒருவன் மட்டும் இதையெல்லாம் கேட்காமல் வாயைப் பிளந்து தூங்கினான். அவனுக்குப் பெயரே தூங்குமூஞ்சிதான். நின்றபடி தூங்குவான், மூட்டைக்கு அடியில் தூங்குவான். அவனைக் கூட்டி வந்ததே வெட்டி வேலை என்று ஏலக்காரர் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

ரத்த வங்கியில் எல்லாம் நினைத்தபடி நடந்தது. மஞ்சள் காமாலை வந்ததா, இல்லை. சமீபத்தில் மாத்திரை மருந்து ஏதாவது, இல்லை. எல்லோரும் பாடம் ஒப்பிப்பது போல் ஒப்பித்தார்கள். ஏலக்காரர் முறை வந்தபோதுதான் சிக்கல். குழந்தைக்கு என்ன உறவு என்று ரத்த வங்கி டாக்டரம்மா கேட்க, அவர் நெஞ்சை நிமிர்த்தி, தாய்மாமன் என்றார். அப்படியானால் உங்கள் ரத்தம் அந்தக் குழந்தைக்கு ஏறாது என்றார் டாக்டரம்மா.

ஏலக்காரருக்குச் சுருக்கென்றது. பிறந்த நாளிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர். தன் ரத்தம் ஆகாது, எவனோ ஒருவன் ரத்தம் ஆகும் என்றால் எப்படி? அந்த அம்மாள் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"அந்நியர் ரத்தம்னா உடம்பு கண்டுபிடிச்சுடும். அதுல வர்ற வெள்ளணுவைத் தங்க விடாது. நெருங்கின சொந்தம்னா சாடை ஒண்ணா இருக்கும். நம்ம ஆளுதானேன்னு உள்ள விட்டுடும். அப்புறம் வந்தது வீட்டையே பிடிச்சுக்கும். அவ உடம்புல இப்ப சண்டை போடத் தெம்பு இல்லை."

சொந்தக்காரன் வந்து உட்கார்ந்தால் எழுந்து போகமாட்டான் என்பது ஏலக்காரருக்குத் தெரியாத விஷயமா? இருந்தாலும் மனது கேட்கவில்லை. வேறு யாருக்காவது போகட்டும் என்று கையை நீட்டினார்.

கொடுத்து முடித்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ரத்தத்தைப் பிரிக்கிற அறையைத் தேடிப் போனார். உள்ளே விடமாட்டார்கள். ஆனால் சுவரில் பெரிய கண்ணாடி இருந்தது, அதன் ஓரத்தில் பை கொடுக்கல் வாங்கலுக்குக் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல். உள்ளே இருந்த பெண்மணியை எல்லோரும் மிஷின் அக்கா என்றார்கள். குள்ளமான உருவம், கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசாத வாய். அவர் முன்னால் மேசையில் சந்தைக்காரர்களின் பைகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் குழாய் வழியாக இரண்டு காலிப் பைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த வரிசையைப் பார்த்ததும் ஏலக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜன்னலில் முகத்தை வைத்து, தன் ஆட்களில் ஒருத்தனாவது முகம் சுளித்தானா என்று கேட்டார். பதிலையும் ஏலக்காரரே சொன்னார்.

"எப்படிச் சுளிப்பான்? வண்டியிலயே ஆளுக்கு ஒரு ஆஸ்பிரின் குடுத்துத்தானே கூட்டிட்டு வந்தேன்."

மிஷின் அக்காவின் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி சொல்லச் சொன்னார். ஏலக்காரர் மறுபடி சொன்னபோது அந்தக் குரலில் பாதிதான் இருந்தது.

"அண்ணே, ரத்தம் கசியற இடத்துக்குத் தட்டணு ஓடிப் போயி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். அதுதான் அதோட வேலை. ஆஸ்பிரின் பட்டுதுன்னா ஒட்டறதையே மறந்துடும். ஓட்டை கிட்ட போகும், சும்மா நிக்கும். சாகற வரைக்கும் அப்படித்தான்."

சிவப்பணுவுக்கு ஒன்றும் கேடில்லை, பிளாஸ்மாவுக்கும் இல்லை, அதெல்லாம் வேறு நோயாளிகளுக்கு உதவும் என்று அவர் சொன்னது ஏலக்காரர் காதில் ஏறவில்லை. குழந்தைக்கு வேண்டியது அந்த ஒன்று. அதைத்தான் அவர் தன் கையால், அன்போடு, தண்ணீரும் கொடுத்துக் கெடுத்திருக்கிறார். இனி புதிதாக ஆள் பிடித்து, எடுத்து, சோதித்து, பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

போடாதவர் யாராவது உண்டா என்று மிஷின் அக்கா கேட்டார். ஏலக்காரர் கூடத்துக்கு ஓடினார். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் விழுங்கியிருந்தார்கள். அவர் சொல்லி எவன் தட்டினான்? ஒருவன், தனக்குக் கசந்தது, ஆனாலும் துப்பவில்லை என்று விசுவாசத்தைக் காட்டினான். தன் பேச்சுக்கு இத்தனை மதிப்பு இருப்பதை நினைத்து ஏலக்காரர் முதல்முறையாகத் தன்னையே நொந்துகொண்டார்.

பெஞ்சின் கோடியில் தூங்குமூஞ்சி, கடித்த பிஸ்கட் கையிலிருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பி, மாத்திரை போட்டாயா என்றார். அவன் பயந்துபோய்ச் சட்டைப்பையைத் துழாவினான். பீடித் தூளும் நூலும் ஒட்டிய வெள்ளை மாத்திரை ஒன்று வெளியே வந்தது.

"தண்ணி பாட்டில் என்கிட்ட வர்றதுக்குள்ள தூங்கிட்டேண்ணே. கோவிச்சுக்காதீங்க. இப்ப போட்டுக்கறேன்" என்று வாயருகே கொண்டுபோனான்.

ஏலக்காரர் அந்த மாத்திரையைத் தட்டிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். வழியெல்லாம் திட்டியவர் இப்படிச் செய்ததும் அவன் இன்னும் பயந்துவிட்டான். டாக்டரம்மா வந்து இன்னொருமுறை நன்றாக விசாரித்தார். அத்தனை பேர் சொன்ன "இல்லை"யில் அவன் சொன்னது ஒன்றுதான் நிஜம். அவனுடைய ரத்த மாதிரி அப்போதே சோதனைக்குப் போயிற்று.

ஆக, ஒரே ஒரு பை. குழந்தையின் மெலிந்த உடம்புக்கு ஒன்றே போதும், ஆனால் அது பிசகாமல் வர வேண்டும் என்றார் மிஷின் அக்கா. ஏலக்காரர் ஜன்னலை விட்டு நகரவில்லை. நிற்கலாம், ஆனால் பேசக் கூடாது என்று உத்தரவு.

"சத்தத்துக்கு ரத்தம் கலங்காதுண்ணே. என் கை கலங்கும்."

மேசையில் இரட்டைத் தட்டுத் தராசு இருந்தது. தராசைக் கண்டதும் ஏலக்காரருக்குத் தன் வீட்டுக்கு வந்தாற்போல ஆயிற்று. பையைச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கிற இயந்திரத்துக்குள் வாளி போன்ற கிண்ணங்கள் எதிரெதிராகத் தொங்கும், ஒன்றில் பை வைத்தால் எதிர்க் கிண்ணத்திலும் அதே எடை இருந்தாக வேண்டும், கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ இயந்திரம் ஆடிப்போய்த் தானாகவே நின்றுவிடும் என்று உதவியாளர் பெண் அவருக்கு மெல்லச் சொன்னாள். மிஷின் அக்கா தூங்குமூஞ்சியின் பையைக் கிண்ணத்தோடு ஒரு தட்டில் வைத்தார். எதிர்த்தட்டில் வரிசையிலிருந்து ஒவ்வொரு பையாக வைத்துப் பார்த்தார். ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. கடைசியில் ஒரு பையை வைத்து, ஒரு சின்ன ரப்பர் துண்டைச் சேர்த்ததும் முள் நடுவில் நின்றது. பையின் மேலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இது உங்களோடதுண்ணே."

ஏலக்காரர் வாயைத் திறந்தார். பேசக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

இரண்டு கிண்ணமும் உள்ளே போயின, இயந்திரத்தின் மூடி இறங்கியது. முதலில் ஒரு முனகல், பிறகு அது ஏறி ஏறி ஒரே ரீங்காரமாக நின்றது. செருப்பு வழியாகப் பாதத்தில் ஒரு நடுக்கம் தெரிந்தது. உள்ளே எதுவும் பார்க்க முடியாது. ஆனால் அவர் மனக்கண்ணில் பார்த்தார்: இரண்டு பை, ஒன்று அவருடையது, ஒன்று அந்தச் சோம்பேறியுடையது, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, ஒருநாளும் எட்டிப் பிடிக்காமல். தான் இந்தப் பக்கம் கனமாக உட்கார்ந்திருப்பதால்தான் அவன் அந்தப் பக்கம் சுற்ற முடிகிறது. இந்த எண்ணம் அவருக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேரம் முடிந்தும் மிஷின் அக்கா தொடவில்லை. சட்டென்று நிறுத்தினால் பிரிந்தது கலந்துவிடும். ரீங்காரம் தானாகத் தேய்ந்து, முனகலாகி, மூச்சு போல் அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மூடியில் கை வைத்தார். அந்தக் கணத்தில் அறையில் எல்லாம் நின்றது. உதவியாளர் குழாய் ஒட்டுவதை நிறுத்தினாள். தரை துடைத்த அம்மாள் குச்சியைச் சுவரில் சாத்தினாள். யாரும் சொல்லவில்லை, அங்கே பை வெளியே வருகிறபோது அப்படித்தான் வழக்கமாம். ஏலக்காரர் மூச்சையே நிறுத்திக்கொண்டார்.

தூங்குகிற பிள்ளையைத் தூளியிலிருந்து எடுப்பது போல் மிஷின் அக்கா பையை எடுத்து, தகடு வைத்த தாங்கியில் மாட்டினார். ஏலக்காரர் பார்த்தார்.

கீழே கருஞ்சிவப்பு. மேலே பொன். இரண்டுக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு, அதன் மேல் புகை படர்ந்தாற்போல் மெல்லிய வெண்மை. ஐம்பது வயது வரை அவர் தன் ரத்தத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பெட்டி ஆணி கிழித்து, கத்தி பட்டு, விழுந்து எழுந்து. ஒருநாளும் அதற்குள் இப்படி ஒரு பொன் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததில்லை. ஒருவரும் எதையும் ஊற்றவில்லை, கலக்கவில்லை. சுற்றி விட்டார்கள், அவ்வளவுதான். அதது தன் கனத்துக்குத் தக்க இடத்தைத் தானே தேடிப் போய் உட்கார்ந்துவிட்டது. இத்தனை ஒழுங்கை உள்ளே வைத்துக்கொண்டா இந்த உடம்பு சந்தையில் கத்திக்கொண்டு அலைகிறது? அவருக்குக் கும்பிடத் தோன்றியது. கையில் பஞ்சு இருந்ததால் சும்மா நின்றார்.

பக்கத்துத் தாங்கியில் அவருடைய பையும் ஏறியது. அதிலும் அதே பொன், அதே கோடு. எண்ணை மறைத்துவிட்டால் எது அவருடையது, எது தூங்குமூஞ்சியுடையது என்று சொல்ல யாராலும் முடியாது.

தகடு மெல்ல அழுத்த, பொன் குழாயில் ஏறி மேல் பைக்குப் போனது. மிஷின் அக்கா கண்ணிமைக்காமல், சிவப்பு வாசலைத் தொடுவதற்குள் இடுக்கியைப் போட்டார். பொன் நிறப் பைகள் இரண்டும் மறுபடி தராசுக்குப் போயின, மறுபடி எதிரெதிராக ஏறின. இந்தமுறை வேகம் அதிகம். வெளியே வந்தபோது பையின் அடியில் விரல் நுனியால் பூசினாற்போல் வெளிறிய ஒரு திட்டு மட்டும் தெரிந்தது. அதுதான் தட்டணுவாம். இத்தனை பாடும் அந்தப் பூச்சுக்காகத்தான். மேலே நின்ற பொன்னில் கொஞ்சத்தை அதற்குக் குடிக்க விட்டுவைத்து மீதியைப் பிரித்தார். பிறகு பையை மேசையில் படுக்க வைத்தார். ஒரு மணி நேரம் அதை யாரும் தொடக் கூடாது, அலுப்புத் தீர வேண்டும் என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் தங்கை போன் செய்தாள். குழந்தையின் மூக்கில் வைத்த பஞ்சு மறுபடி நனைந்துவிட்டது, தட்டணு எப்போது வரும் என்று கேட்டாள். ஏலக்காரர் தூண் பக்கம் ஒதுங்கினார். இதோ வந்துவிட்டது என்று ஒரு அதட்டல் போட்டுச் சமாளித்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் சமாளித்திருக்கிறார். இந்தமுறை நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"நான்தான்மா கெடுத்தேன். எல்லாருக்கும் நானே மாத்திரை குடுத்துட்டேன். ஒரே ஒருத்தனோடதுதான் தப்பிச்சிருக்கு."

 ஏலக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு இருக்குல்ல அண்ணா. அதைப் பார்த்துக்கோ" என்றாள் தங்கை.

சோதனை முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை. மிஷின் அக்கா பையைக் கையிலெடுத்து, அந்தத் திட்டு கரைகிற மட்டும் மெல்ல மெல்லப் பிசைந்தார். பிறகு ஏலக்காரரை ஜன்னலுக்கு அழைத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பையைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் லேசாக அழுத்தினார்.

உள்ளே ஏதோ புரண்டது. வெயிலில் பட்டுத்துணியைத் திருப்பினால் ஓடுமே ஒரு மினுமினுப்பு, அது அந்த மங்கல் பொன்னுக்குள் சுழன்று சுழன்று ஓடியது. விரலை எடுத்ததும் அடங்கியது. அழுத்தியதும் எழுந்தது.

"உயிரோட இருந்தாத்தான் இப்படி மினுங்கும்ணே. செத்துட்டா வெறும் மஞ்சத் தண்ணி. எத்தனையோ வருஷமா பார்க்கறேன். இன்னும் இதைப் பார்க்காம ஒரு பையையும் வெளியே விடறதில்லை" என்றார் மிஷின் அக்கா. அன்று அவர் வேலைக்கு வெளியே பேசியது இதுதான். ஏலக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்பு அந்தச் சின்னப் பை குழந்தையின் கட்டிலுக்கு மேல் தொங்கியது. குழாய் வழியாகப் பொன் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் பஞ்சு அடைத்திருந்த குழந்தை அதைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"ரத்தம் சிவப்பாத்தானே இருக்கும், மாமா?"

சிவப்புக்குள்ளே இதுவும் இருக்கும் என்றார் ஏலக்காரர். யாருடையது என்று அவள் விடவில்லை. கீழே பெஞ்சில் தூங்குகிற ஒரு மாமாவுடையது என்றார். குழந்தை யோசித்தாள்.

"உங்களோடது எங்க?"

தங்கை அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். ஏலக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னோடது எதிர்ப்பக்கம் உக்காந்து சுத்துச்சு, குட்டி. எதிர்ப்பக்கம் ஆள் இல்லைன்னா அந்த மிஷின் சுத்தாதாம்."

"ராட்டினம் மாதிரியா?"

"ஆமாண்டா. ராட்டினம் மாதிரி."

அது குழந்தைக்குப் பிடித்திருந்தது. சிரிக்கப் பார்த்து, ஈறு வலித்து, நிறுத்திக்கொண்டாள். பை தீர்வதற்குள் தூங்கிவிட்டாள். வெளியே இருட்டியது. தங்கை பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  வெகுநேரம் கழித்து அவள் அதை இரண்டு விரலால் உருவி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு மேலாக அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை" என்றார். பக்கத்தில் இருந்த தங்கைக்கே அது சரியாகக் கேட்கவில்லை.